கத்திரிப்பூ நிறத்தில் மல்லிகை மொட்டு

என் மனைவி நீட்டிய பூவைத் தங்கச்சி வாங்கிக்கொள்ளவில்லை. தண்ணீர் தெளித்து ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்த மல்லி, ஒரு முழம்கூட இருக்காது. தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "வேண்டாம் மதினி. நான் தொட்டா அதுவும் போயிரும்" என்றாள்.

எங்கள் பக்கம் புருஷன் உயிரோடு இருக்கிற பெண் பூவை வேண்டாம் என்று சொன்னால் கேட்பவர்களுக்குப் பதறிவிடும். மனைவி என்னைப் பார்த்தாள். நான் தங்கச்சியின் பையைப் பார்த்தேன். மேலநீலிதநல்லூர் பஸ்ஸில் வந்து இறங்கியவள் நாலு சேலையைத் திணித்து எடுத்து வந்திருந்தாள். ஒருநாள் தங்கிப் போக வந்தவளின் பை அல்ல அது.

அழாமல்தான் சொன்னாள். அவர்களுடைய மல்லி வயலில் மொட்டுகள் வெள்ளையாக வராமல் சிவந்து, கத்திரிப்பூ நிறத்தில் வந்து, வளராமல் சுருங்கி உதிர்கின்றன. இரண்டு தடவை மருந்து அடித்தும் நிற்கவில்லை. மாமியார் ஒருநாள் நேருக்கு நேராகக் கேட்டுவிட்டாள்: "ஏட்டி, தூரமா இருக்கையில வயலுக்குள்ள போனியா?"

வீட்டுக்குத் தூரமான மாதவிலக்கு நாட்களில் பெண்கள் அங்கே மல்லி வயலில் கால் வைப்பதில்லை. வெண்டைக்கும் தக்காளிக்கும் அவ்வளவு பார்ப்பதில்லை. மல்லிக்கு மட்டும் கண்டிப்பு. சாமிக்குப் போகிற பூ என்பார்கள். தங்கச்சி போயிருக்கிறாள். கோயில் கொடைத் திருவிழா நேரம், பூ எடுக்கிற பெண்கள் யாரும் வரவில்லை. அன்றைக்கு எடுக்காத மொட்டு சாயங்காலம் மலர்ந்துவிடும். மலர்ந்ததை மார்க்கெட்டில் யாரும் சீண்டமாட்டார்கள். யாரிடமும் சொல்லாமல் போய் எடுத்துவிட்டாள். மாமியார் கேட்டபோது பொய் சொல்லவும் அவளுக்கு வரவில்லை.

"தீட்டுப்பட்ட செடி, வேரோட போகணும்னு அத்தை சொல்லிட்டாவ. நாளைக்குக் காலைல டிராக்டர் வருது."

"மாப்ள என்ன சொல்லுதாரு?"

"அவிய ஒண்ணும் சொல்லல. அதான் வந்துட்டேன்." பையின் வாரை விரலில் சுற்றினாள். "அவிய மேல தப்பு இல்லண்ணே. நாந்தான செஞ்சேன்."

மாமியார் சொன்னதைவிட அவள் அப்படிச் சொன்னதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அடுத்தவர் சுமத்தும் பழியை எதிர்த்து ஏதாவது பேசலாம். தானே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டவளிடம் என்ன பேசுவது? எனக்கு எப்போதுமே பேச வராது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கல்யாண வீடுகளில் போட்டோக்காரர் பக்கத்தில் நின்று லைட் பிடிப்பது என் தொழில். பொண்ணு மாப்பிள்ளை முகத்தைப் பார்த்து 'கொஞ்சம் சிரிங்க' என்று சொல்ல என்னால் ஆகாது. லைட்டைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சுவராக நிற்க முடியும். அப்படி நின்று நின்று, வெளிச்சத்தை எந்தப் பக்கம் கொண்டுபோனால் என்ன தெரியும் என்பது கைக்குப் பழகிப்போனது. ஸ்டுடியோக்காரர் புதுக் கேமரா வாங்கியபோது பழையதை எனக்குக் கொடுத்தார். அதில் இருக்கிற இங்கிலீஷ் எனக்குத் தெரியாது. திரையில் எந்தக் குறிக்கு அடுத்து எந்தக் குறி வரும் என்று ஞாபகம் வைத்துத்தான் ஓட்டுவேன். மனிதர்களை எடுக்கக் கூச்சம் என்பதால் பூக்களை எடுக்க ஆரம்பித்தேன். பூ என்னைத் திரும்பிப் பார்க்காது. கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற பிரஸ்ஸில் அந்தப் படங்களை வாங்கிக்கொள்வார்கள்.

ஃபிளாஷைக் கேமரா மேலேயே மாட்டி எடுத்தால் பூ சப்பென்று இருக்கும். கழற்றி இடது கையில் பிடித்து, பூவுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் இதழின் நரம்பு எழுந்து நிற்கும். இன்னும் நகர்த்திப் பின்னால் கொண்டுபோனால் வெளிச்சம் இதழுக்குள் புகுந்து, உள்ளே இருப்பது நிழலாகத் தெரியும். ஃபிளாஷின் முகத்தில் பால் கவரை வெட்டி ஒட்டியிருப்பேன், வெளிச்சம் மெத்தென்று விழுவதற்காக. இன்னொன்று, அந்த வெளிச்சம் பக்கத்தில் இருப்பதை மட்டும்தான் தொடும். அதற்கேற்றபடி கேமராவை வைத்தால், நல்ல வெயிலிலும் பூவுக்குப் பின்னால் எல்லாம் கறுப்பாகிவிடும். வயலும் தெரியாது, வானமும் தெரியாது. பிரஸ்காரர்களுக்கு அந்தக் கறுப்புதான் பிடிக்கும்.

தங்கச்சி கைக்குட்டையில் சில மொட்டுகளை முடிந்து வைத்திருந்தாள். எதற்கு எடுத்து வந்தாள் என்று கேட்கவில்லை. பேச ஒன்றும் இல்லாததால், ஒன்றை எடுத்து ஜன்னல் கம்பியில் நூலால் கட்டித் தொங்கவிட்டு, பின்னால் ஃபிளாஷைப் பிடித்து ஒரு படம் எடுத்தேன். வாடிய மொட்டு. காம்போடு சேரும் இடம் கொஞ்சம் தடித்து, அதற்குள் ஒரு கரிய தீற்றல் தெரிந்தது. பெரிதாக்கிக் காட்டினேன்.

"காஞ்ச கறைண்ணே" என்றாள்.

கறையாகவும் இருக்கலாம். காய்ந்த மொட்டில் எதுவும் சொல்ல முடியாது. செடியில் இருக்கிற மொட்டை எடுத்துப் பார்க்க வேண்டும். ஆனால் காலையில் டிராக்டர் வந்துவிடும்.

முதல் பஸ்ஸில் போனோம். வரமாட்டேன் என்றவளை, "என் பைய நீ தூக்கிட்டு வா, கேமராவ நான் பிடிக்கணும்" என்று சொல்லிக் கூட்டிப்போனேன். ஆனால் வயல் வந்ததும் அவள் ரோட்டை விட்டு இறங்கவில்லை. மோட்டார் ரூம் சுவரோரம் பையோடு நின்றுகொண்டாள்.

டிராக்டர் ஏற்கெனவே வந்திருந்தது. மாப்பிள்ளை வரப்பில் குனிந்து உட்கார்ந்து ஒரு குச்சியை ஒடித்துக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா, நான் அத்தை என்று கூப்பிடுகிறவள், இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஒரு படம் எடுத்துக்கிடுதேன் அத்தை" என்றேன்.

"ஏய்யா, ஊரே சிரிக்கிற நேரத்துல போட்டோ எடுக்க வந்திருக்கியா? எங்கன நிக்கணும்னு சொல்லு, நானும் நல்ல சேல கெட்டிட்டு வாரேன்."

டிரைவர் சிரித்தான். மாப்பிள்ளை தலை நிமிராமல், "எடுக்கட்டும்மா. ஒரு படம்தான" என்றார். அன்றைக்கு அவர் பேசிய முதல் பேச்சு அது.

வரிசைக்குள் போய் மண்டியிட்டேன். காற்று இருந்தது. இவ்வளவு பக்கத்தில் எடுக்கும்போது ஒரு அரிசி கனம் நகர்ந்தாலும் படம் கலங்கிவிடும். மொட்டு ஆடி, நின்று, மறுபடி ஆடியது. மூச்சை அடக்கிக் காத்திருந்தேன். பின்னால் டிராக்டர் இன்ஜின் உறுமிக்கொண்டே இருந்தது. அந்த அதிர்வு முழங்கால் வழியாகக் கைக்கு ஏறுவது போல இருந்தது. காற்று நின்ற நேரத்தில் அமுக்கினேன். ஃபிளாஷ் அடிக்கவில்லை. மறுபடி அமுக்கினேன். அடித்தது.

திரையில், கறுப்புக்கு நடுவில், மொட்டு விளக்குப் போல நின்றது. அடிப்பக்கம் நிழல்கள். ஒன்றல்ல, நாலைந்து.

உள்ளே பார்க்க வேண்டுமானால் மொட்டைப் பிளக்க வேண்டும். அந்த வயலில் மொட்டின் மேல் நகம் படக்கூடாது என்பது வழக்கம். பறிக்கும்போதுகூட விரல் நுனியால் திருப்பித்தான் எடுப்பார்கள். கிள்ளினால் செடி அழும் என்பார்கள். இத்தனை நாளும் யாரும் ஒரு மொட்டைத் திறந்து பார்க்காததற்கு அதுதான் காரணம். அத்தைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, கட்டைவிரல் நகத்தால் கீறினேன். சத்தமே வரவில்லை என்றாலும் எல்லோருக்கும் கேட்டிருக்கும் என்று நினைத்தேன்.

கீறிய மொட்டைப் பக்கத்து இலையில் சாய்த்து வைத்து, ஃபிளாஷைப் பக்கவாட்டில் பிடித்து இரண்டு படம் எடுத்தேன். ரவையைவிடச் சின்னதாக, மொட்டின் நிறத்திலேயே, கண்ணுக்குச் சட்டென்று அகப்படாதபடி புழுக்கள். முதல் படத்தில் ஒன்று வளைந்திருந்தது. அடுத்த படத்தில் அதுவே நிமிர்ந்திருந்தது. உயிரோடுதான் இருக்கிறது.

மாப்பிள்ளையிடம் காட்டினேன். கேமராவை வாங்கி, வெயிலுக்குக் கையை மறைத்து, வெகுநேரம் பார்த்தார். "எம்மா, புழும்மா" என்றார்.

அத்தையும் பார்த்தாள். அவள் முட்டாள் இல்லை. அந்த வயலை வானம் பார்த்த காலத்தில் இருந்து கிணறு வெட்டிக் கொண்டு வந்தவள். யோசித்துத்தான் கேட்டாள்.

"சரி, புழுதான். அது ஏன் நம்ம வயலுக்கு மட்டும் வந்துச்சு? அந்தா, வரப்புக்கு அங்குட்டு பாரு. அதே மல்லிதான், அதே தண்ணிதான். ஒரு மொக்கு செவந்திருக்கா? வெள்ள வெளேர்னு நிக்கி. தீட்டு பட்ட எடம் பாத்துத்தான் புழு வரும்."

நான் வரப்புக்கு அங்குட்டுப் பார்த்தேன். ரோட்டில் நின்ற தங்கச்சிக்கும் அது கேட்டிருக்க வேண்டும். அவள் பையைத் தோள் மாற்றிக்கொண்டாள். கிளம்பத் தயாராகிறவளைப் போல.

"அண்ணாச்சி, எனக்கு இன்னொரு எடத்துல உழவு கெடக்கு" என்றான் டிரைவர். "உழவா, போட்டோவா? ஒண்ணச் சொல்லுங்க."

நான் வரப்பைத் தாண்டி அடுத்த வயலுக்குள் இறங்கினேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தால் போயிருக்கவே மாட்டேன்.

அங்கே செடிகள் நன்றாகத்தான் இருந்தன. குனிந்து குனிந்து போனேன். மொட்டெல்லாம் வெள்ளை. ஆனால் செடிகளில் பல காம்புகள் வெறும் நுனியோடு நின்றன. வளர்ந்த மொட்டைப் பறித்த காம்பு பார்த்தால் தெரியும். இவை மொட்டு வளரும் முன்பே எடுத்த காம்புகள். எதற்கு ஒருவர் பிஞ்சு மொட்டைப் பறிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இலைகளை விலக்கியபோது, உள்ளே மறைந்து ஒரு கத்திரிப்பூ நிற மொட்டு இருந்தது.

கேமராவை அதற்கு நேரே கொண்டுபோய், ஃபிளாஷைச் செடிக்குப் பின்னால் நீட்டி அமுக்கினேன். வெளிச்சம் அடித்ததும் எதிர்ப்பக்கம் இருந்து ஒரு ஆண் குரல் வந்தது.

"யாருவே அது? எவன்டா பூவுக்குள்ள?"

வயலுக்குச் சொந்தக்காரர். மண்வெட்டியோடு வந்தார். நான் எழுந்து நின்றேன்.

"நல்லா நிக்கிற பூவுல கண்ணு வைக்க வந்தீரா? யாரு அனுப்புனா? அங்குட்டு இருந்தா வாரீரு? அவுக வயலு போச்சுன்னா எங்க வயலும் போகணுமா வே?"

மண்வெட்டி அவர் கையில் கீழ்நோக்கித்தான் இருந்தது. ஆனாலும் நான் கேமராவை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டேன். அப்போது அவர் பின்னால் ஒரு பெண் வந்தாள். அவர் மனைவி. என் கையைப் பார்த்தாள், நான் விலக்கி வைத்திருந்த இலையைப் பார்த்தாள். அதற்குள் இருந்த மொட்டையும் பார்த்துவிட்டாள்.

"கல்யாணப் பத்திரிகைக்குப் படம் எடுக்காவ" என்றாள் புருஷனிடம். "நாந்தான் எடுத்துக்கிடுங்கன்னேன். நீங்க போயி மோட்டார நிறுத்துங்க, தொட்டி வழியுது."

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். அவள் அவர் போகும் வரை பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"அண்ணாச்சி, இங்கன எடுத்து என்ன செய்ய? அந்தா, கிணத்து ஓரத்து மூலையில எடுங்க. அங்கனதான் நான் போனேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான், இவளும் தூரமான நாளில் வயலுக்குள் போனவள் என்று தெரிந்தது.

"டெய்லி விடியுமுன்ன வந்து செவந்ததப் பொறுக்கிருதேன்" என்றாள். "குப்பக் கெடங்குல புதைச்சிருதேன். எங்க வீட்டுல ஆருக்கும் தெரியாது. தெரிஞ்சா எனக்கும் உங்க தங்கச்சி கதைதான்."

அடுத்த வயலில் நடப்பதெல்லாம் இவளுக்குத் தெரிந்திருந்தது. அங்கே கேட்ட கேள்வியைத் தன்னிடம் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று தனக்குள்ளேயே பலமுறை ஓட்டிப் பார்த்திருக்கிறாள்.

வயலில் அன்றைக்கு நான் பேசியதில் நீளமான பேச்சு அப்போது பேசியதுதான். "தாயி, நீங்க போகாத இடம் ஒண்ணு காட்டுங்க."

அவள் யோசித்தாள். கிணற்றுக்கு நேர் எதிரே, ரோட்டோரத்து வரிசையைக் கை காட்டினாள். அங்கே அவள் புருஷன்தான் பறிப்பாராம். போனோம். இலைகளுக்குள் தேடினோம். அவளே ஒன்றைக் கண்டுபிடித்தாள், காம்பைத் தொடாமல் விரலால் சுட்டிக் காட்டினாள். நகத்தால் கீறியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஃபிளாஷைப் பக்கவாட்டில் பிடித்து எடுத்து, பெரிதாக்கி, அவளிடம் நீட்டினேன்.

அதே புழுக்கள்.

அவள் கேமராவைத் தொடவில்லை. சேலை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பார்த்தாள். "இங்கன நான் வந்ததே இல்ல" என்றாள். "ஒரு நாளும் வந்ததே இல்லண்ணாச்சி."

திரும்பி நடக்க ஆரம்பித்தபோது பின்னாலேயே வந்தாள். "எங்க வயலுன்னு மட்டும் சொல்லிறாதீய. எங்க வீட்டுல தாங்காது." நான் தலையை ஆட்டினேன். ஆட்டியபோது அது எவ்வளவு பெரிய வாக்கு என்று எனக்குத் தெரியவில்லை.

வரப்பில் எல்லோரும் காத்திருந்தார்கள். படத்தைக் காட்டினேன். அத்தை பார்த்தாள்.

"இது முன்ன எடுத்ததுதான."

"இல்ல அத்தை. வேற."

"வேறன்னா எங்கன?" அவள் திரையில் விரலை வைத்தாள். "பின்னால ஒரே இருட்டு. செடி தெரியுதா, கெணறு தெரியுதா? நம்ம வயல்லயே ரெண்டு எடுத்துட்டு ஊரான் வயலுங்க. யாருக்குத் தெரியும்?"

அவள் சொன்னது சரி. பிரஸ்காரர்களுக்காக நான் பழகி வைத்திருந்த கறுப்பு, அந்தப் பெண்ணை மறைத்துக் காப்பாற்றியது. என் தங்கச்சியைக் கைவிட்டது. கேமராவைத் திருப்பி ஒரே ஒரு படம் வயலோடு சேர்த்து எடுத்திருக்கலாம். தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அந்தத் தலையாட்டலுக்குப் பிறகு எடுத்திருப்பேனா?

"மச்சான், எங்கன எடுத்தீய? சொல்லுங்க" என்றார் மாப்பிள்ளை. அவர் குரலில் கெஞ்சல் இருந்தது. அவருக்கும் ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது, அம்மாவிடம் சொல்ல.

நான் பேசவில்லை. வாழ்நாள் முழுக்கப் பேசாமல் நின்றிருக்கிறேன், அது கூச்சம். அன்று வாய்க்குள் சொல் தயாராக இருந்தது. அதை வைத்துக்கொண்டு நிற்பது வேறு மாதிரி இருந்தது. ரோட்டைப் பார்த்தேன். தங்கச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேச்சு முடிஞ்சுதா?" என்றான் டிரைவர்.

அத்தை கையை அசைத்தாள். டிராக்டர் திரும்பி, கலப்பையை இறக்கி, முதல் வரிசைக்குள் போனது. செடிகள் முறியும் சத்தம் இன்ஜின் சத்தத்துக்கு மேலே கேட்டது. வேர்கள் சிவப்பு மண்ணோடு மேலே வந்தன. முறிந்த செடிகளில் வெள்ளை மொட்டுகளும் இருந்தன. மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் கை தானாக ஃபிளாஷை இறுக்கிப் பிடித்திருந்தது. அதன் மேல் ஒட்டியிருந்த பால் கவர் கிழிந்துபோனதைப் பிறகுதான் பார்த்தேன்.

டிராக்டர் வரிசையின் கடைசிக்குப் போய்த் திரும்பும் நேரம், வரப்பைத் தாண்டி அந்தப் பெண் வந்தாள். ஓடி வரவில்லை. மடியைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு, கால் பார்த்து வைத்து நடந்து வந்தாள். அத்தை முன்னால் நின்று மடியை அவிழ்த்தாள். கத்திரிப்பூ நிற மொட்டுகள் வரப்பில் கொட்டின. ஈரக் குப்பை ஒட்டிய பழைய மொட்டுகளும், அப்போதுதான் பறித்தவையும்.

"எங்க வயல்ல பொறுக்குனது மதினி" என்றாள்.

மாப்பிள்ளை டிராக்டருக்கு முன்னால் போய்க் கையைத் தூக்கினார். இன்ஜின் நின்றது. அத்தை கேட்டாள்.

"நீயும் போனியா?"

"போனேன்."

"எப்பம்?"

"உங்க மருமவ போன அதே கொடையில. எனக்கும் ஆளு வரல." மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஆனா போகாத எடத்துலயும் இருக்கு மதினி. இந்த அண்ணாச்சி லைட்டடிச்சுக் காட்டுனாவ. ரோட்டோர வரிசையில எங்க வீட்டுக்காரரு தவிர ஆரும் கால் வைக்கது இல்ல. அவரும் தூரமாவா இருந்தாரு?"

டிரைவர் வாயைப் பொத்திக்கொண்டான். அத்தை சிரிக்கவில்லை. குனிந்து ஒரு மொட்டை எடுத்தாள். உள்ளங்கையில் உருட்டினாள். அவள் கண்ணுக்கு அது ஒன்றும் காட்டவில்லை என்பது அவள் முகம் சுருங்குவதில் தெரிந்தது.

யாரும் கூப்பிடாமல் தங்கச்சி ரோட்டில் இருந்து இறங்கி வந்தாள். என் பையை வரப்பில் வைத்தாள். முறிந்து கிடந்த செடியில் இருந்து ஒரு மொட்டை எடுத்து, எல்லோர் முன்னாலும், நகத்தால் நீளவாக்கில் கீறித் திறந்தாள்.

"அண்ணே, லைட்ட இங்கன பிடி."

ஃபிளாஷ் ஒரு மின்னல் நேரம்தான் அடிக்கும், அதில் கண்ணால் எதையும் பார்க்க முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். பையில் இருந்த டார்ச்சை எடுத்து, மொட்டுக்குப் பக்கவாட்டில், எந்த இடத்தில் பிடித்தால் எழும்பித் தெரியுமோ அந்த இடத்தில் பிடித்தேன். அத்தை தங்கச்சியின் கையை மணிக்கட்டில் பிடித்துக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். நெடுநேரம் அப்படியே இருந்தாள். புழு நெளிந்திருக்க வேண்டும்.

"சவத்து மூதி" என்றாள். புழுவை வைதாளா, வேறு யாரையுமா என்று தெரியவில்லை. பிறகு டிரைவரைப் பார்த்து, "நீ போய்யா" என்றாள்.

தங்கச்சி அன்றைக்கு என்னோடு பஸ் ஏறவில்லை. வரப்பில் இருந்த என் பையை மாப்பிள்ளை தூக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து முன்னால் நடந்தார், அவள் பின்னாலேயே போனாள்.

பூச்சிமருந்துக் கடைக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, மொட்டுக்குள் ஒரு சின்ன ஈ முட்டை வைக்கும், அதன் புழு இது, மேலே அடிக்கிற மருந்து உள்ளே போகாது என்றார். செவந்த மொட்டை எல்லாம் பொறுக்கி எரிக்கச் சொன்னார். புதைத்தால் மண்ணில் இருந்து மறுபடி ஈ கிளம்பும் என்றார். அடுத்த வயல்காரி அதைக் கேட்டதும், தான் குப்பைக் கிடங்கில் புதைத்ததை எல்லாம் தோண்டி எடுத்து எரித்தாளாம். வயல் உடனே தேறவில்லை. கிளைகளை வெட்டிக் கவாத்து பண்ணி, காத்திருந்து, அடுத்த பருவத்தில்தான் வெள்ளை மொட்டு வந்தது. டிராக்டர் இழுத்த அந்த ஒரு வரிசை இன்னும் பொக்கையாகக் கிடக்கிறது.

தூரமான நாட்களில் தங்கச்சி இப்போதும் வயலுக்குள் போவதில்லை. அத்தை அதை மாற்றவில்லை. ஆனால் மற்ற நாட்களில் அவர்கள் இரண்டு பேரும் பூ எடுக்கும்போது, அத்தை எப்போதாவது ஒரு மொட்டை நீட்டி, "ஏட்டி, இதக் கீறிப் பாரு" என்பாளாம். தானாகக் கீறுவதில்லை.

இரண்டு வயல்களிலும் எடுத்த அந்தப் புழுப் படங்களைப் பிரஸ்ஸுக்குக் கொடுக்கவில்லை. கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்த பையன் முன்பின்னாகப் போட்டுவிட்டான். எது தங்கச்சி வயல், எது அடுத்த வயல் என்று இப்போது எனக்கே தெரியவில்லை. ஒரே மாதிரி மொட்டு, ஒரே மாதிரி புழு, பின்னால் ஒரே கறுப்பு.